புகையிரத நிலையத்திலிருந்து டிராம் தரிப்பிடம் வரை

அவுஸ்திரேலியாவின் முதலாவது நீராவிப் புகையிரதப் பாதை 1854 செப்டெம்பரில் மெல்பேண் நகருக்கும் சான்ட்ரிட்ஜ் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. தங்க வேட்டையின் காலம் அது. கப்பலில் வந்திறங்கிய மனிதரையும் பண்டங்களையும் நகருக்குக் கொண்டுசேர்க்கும் இலாபத்தை நாடித் தனியார் கம்பனியொன்றே அதனை அமைத்தது. சான்ட்ரிட்ஜ் பின்னர் போர்ட் மெல்பேண் எனப் பெயர் பெற்றது. துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் செறிந்து வாழ்ந்த புறநகராயிற்று.

1987 ஒக்டோபரில் இப்பாதையிற் புகையிரதம் நிறுத்தப்பட்டது. டிசெம்பரிலேயே டிராம் ஓடத் தொடங்கிற்று. 1600 மில்லிமீற்றர் அகலப் பாதை, நகர வீதிகளிலுள்ள டிராம் பாதையின் அளவான 1435 மில்லிமீற்றருக்குக் குறுக்கப்பட்டது. இதனாற் கடற்கரையில் ஏறுபவர் வண்டி மாறாமலே நகர மத்தியின் வீதிகளில் இறங்கலாம். உழைப்போருக்கு இது நன்மையே. பழைமை மீதான ஏக்கத்தால் இதனை மறுத்தல் பொருந்தாது.

ஆயின் அந்நன்மையை எவர் நுகர்ந்தனர் என்பதே நோக்கற்பாலது. பழைய முனைய நிலையத்தை அடுத்துள்ள இறுதித் தரிப்பிடத்தின் பெயர் 'பீக்கன் கோவ்'. அது துறையின் பெயரன்று. முன்னர் தொழிற்றுறைக்குரியதாயிருந்த நிலத்தில் 1990களில் எழுந்த, வசதி படைத்தோருக்கான குடியிருப்புத் திட்டத்தின் பெயர். நிலத்தின் விலையேறத் தொழிலாளரின் ஊர் தன் பெயரையே தரிப்பிடத்தில் இழந்தது. எதிரேயுள்ள இறங்குதுறை மட்டும் இன்றும் 'ஸ்டேஷன் பியர்' எனப்படுகிறது.