8 துணி, 24 உடை

4 சட்டை, 3 பேன்ட், 1 கோட். மொத்தம் 8 துணி. நான்கு சட்டையும் மூன்று பேன்ட்டோடும் ஒத்துப்போனால் 12 ஜோடி. அந்தப் பன்னிரண்டையும் கோட் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை என்றால் 24. இதே 8 துணியைச் செட் செட்டாக வாங்கியிருந்தால் கிடைப்பது வெறும் 4 உடை. கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று உடையலங்கார உலகம் பேசிக்கொள்வது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான்.

ஒன்பதாவதாக ஒரு சட்டை வாங்குகிறோம் என்று வையுங்கள். மூன்று பேன்ட்டுக்கும் கோட்டுக்கும் சேர்ந்தால் 6 புது உடை கிடைக்கும். ஒரே ஒரு பேன்ட்டோடு மட்டும்தான் எடுபடும், மேலே கோட் போட்டால் கோமாளித்தனமாக இருக்கும் என்றால் 1. இரண்டு சட்டைக்கும் விலை ஒன்றாகவே இருக்கலாம். கடையில் கண்ணைப் பறிப்பது என்னவோ பெரும்பாலும் இரண்டாவதுதான். பீரோ நிரம்பி வழிந்தும் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்று புலம்புகிறோமே, அதில் இந்த ஒற்றை ஜோடித் துணிகளுக்கும் பங்கு உண்டு.

லண்டனில் 1973இல் ‘வார்ட்ரோப்’ என்ற பெயரில் துணிக்கடை திறந்த சூசி ஃபோ இந்த யோசனையைப் பரப்பினார். நல்ல தரத்தில், சீக்கிரம் பழசாகத் தெரியாத சில துணிகளை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்ப ஓரிரண்டைச் சேர்த்தால் போதும் என்றார். 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் ‘ஏழு எளிய துணிகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டு அதை ஒரு பொறியாகவே ஆக்கிவிட்டார். அந்தப் பொறியின் அச்சாணி பாடிசூட்: கழுத்திலிருந்து தொடை வரை உடம்போடு ஒட்டும் ஒரே துணி, அடியில் பிரஸ் பட்டன். குனிந்து நிமிர்ந்தாலும் இடுப்பில் சட்டை பிதுங்காது. அதன்மேல் சுற்றிக் கட்டும் பாவாடை, பேன்ட், கோட் என்று எதுவும் ஏறும். காலையில் அலுவலகம் போன உடையிலேயே ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி மாலை விருந்துக்குப் போய்விடலாம்.

கணக்கைச் சோதனையாக மாற்றியவர் அமெரிக்காவின் கோர்ட்னி கார்வர். 2006இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்தபின், வாழ்க்கையில் பாரமாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டு வந்தவர். 2010இல் அவர் தொடங்கிய ‘புராஜெக்ட் 333’இல் விதி ஒன்றுதான்: 3 மாதத்துக்கு 33 பொருள். செருப்பும் நகையும் கணக்கில் உண்டு. உள்ளாடை, இரவு உடை, உடற்பயிற்சித் துணி, கல்யாண மோதிரம் சேராது. மிச்சத்தை யாருக்கும் கொடுத்துவிடச் சொல்லவில்லை. பெட்டியில் போட்டு ஒட்டி, கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார்.

என் கணிப்பில், இந்த முறையின் சாமர்த்தியம் முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. நிறையத் துணி இருக்கும்போது நமக்குப் பிடித்ததும், சும்மா சகித்துக்கொள்வதும் ஒரே அடுக்கில் ஒளிந்துகொள்ளும். எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றும் முறை வைத்து வந்தாக வேண்டும். முறை வந்தும் கை எதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறது? பெட்டிக்குள் போனவற்றில் எது நினைவுக்கு வருகிறது, எது வரவே இல்லை? பளீர் நிறங்கள்தான் தனக்குப் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர், சாம்பல் நிறக் குர்தா ஒன்றே திரும்பத் திரும்ப அழுக்குக் கூடைக்கு வருவதைப் பார்க்கலாம். அங்கேதான் துப்பறிய வேண்டும். காரணம் நிறமா, கழுத்து வெட்டா, தோளில் இறுக்காத தையலா, அல்லது அதில் மட்டும் பாக்கெட் இருப்பதா? அதே தையலில் வேறு நிறம் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தன் பாணி என்னவென்று படம் பார்த்துத் தேடுவதைவிட இது மெதுவான வழி. ஆனால் ஏமாற்றாது.

எதைப் போடுகிறோம், எதைப் போடுவதில்லை என்று கண்டுபிடிக்க, ஹேங்கர் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிட்டு, போட்டதை மட்டும் நேராக மாட்டுவார்கள். மடித்து அடுக்கும் வீட்டில் அதுகூட வேண்டாம். துவைத்து வந்ததை எப்போதும் மேலேயே வையுங்கள். போடாதது தானாக அடிக்குப் போய்விடும்.

நம் உடைகளுக்கு இந்தக் கணக்கு சரிவருமா? வேட்டிக்கு வரும், அதுவும் பிரமாதமாக. வெள்ளை வேட்டி எந்தச் சட்டையையும் வேண்டாம் என்று சொல்லாது. புடவையில்தான் சிக்கல். ஒவ்வொரு புடவைக்கும் மேட்சிங் ரவிக்கை என்று தைத்தால் 10 புடவைக்கு 10 ரவிக்கை, உடையும் பத்துதான். எல்லாவற்றோடும் போகிற கறுப்பு, மெரூன், கலம்காரி என்று மூன்று ரவிக்கை இருந்தால் 30. சுடிதாரைச் செட்டாக வாங்காமல் டாப், பேன்ட், துப்பட்டா என்று பிரித்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெயர் தெரியாமலே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோட் மட்டும் சென்னைக்கு ஒத்துவராது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுத்தான் எண்ணிக்கை பெருகுகிறது. இங்கே அந்த வேலையைத் துப்பட்டாவிடம் கொடுக்க வேண்டும். இன்னொன்று வியர்வை. கோட்டைப் பல நாள் போடலாம். பருத்திச் சட்டை ஒரே நாளில் துவைக்கப் போய்விடும். அதனால் மேல் துணிகளைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளலாம்.

குறைந்த துணி என்றால் ஒவ்வொன்றும் அதிகம் உழைக்கும், ஆகவே துணியின் குணமும் முக்கியம். பருத்தி இழையில் செல்லுலோஸ் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டால் அவை விடுபட்டு, காயும்போது கசங்கிய நிலையிலேயே மறுபடி பற்றிக்கொள்ளும், அதுதான் சுருக்கம். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது என்பதால் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பிவிடும். இஸ்திரி போட நேரமில்லாதவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம்.

பட்டுப்புடவைகளையும் கல்யாண வேட்டியையும் 33இல் சேர்க்க வேண்டாம். அவற்றை அணியும் நாட்களே வேறு. மற்றவற்றைப் பெட்டியில் வைத்து மேலே தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, திறப்பதற்கு முன்னால், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வந்தவை பீரோவுக்குத் திரும்பட்டும்.