மாட்டைப் பார்க்காமல் எடை சொல்லலாமா?

"தம்பியோட கறுப்பு ஷூ மேல வெள்ளையா பூத்திருக்கு. வெள்ளிக்கிழமை அவனுக்கு இன்டர்வியூ. என்ன பண்ணினா போகும்?"

கார்த்திகை மாதத்து அடைமழையில், இரவு பதினோரு மணிக்கு, செய்யாறு பக்கத்துப் பெண் ஒருவர் முகநூல் குழுவில் இப்படிக் கேட்டிருந்தார். விடிவதற்குள் 19 பதில்கள் வந்துவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவுங்க. வினிகர் தொட்டுத் துடைங்க. சோப்பு போட்டுக் கழுவிக் காய வைங்க. வெயில் வந்ததும் மொட்டை மாடியில போடுங்க. பதில் சொன்ன எல்லாரும் அவருக்கு முன்பின் தெரியாதவர்கள். ஆனாலும் நடுராத்திரியில் அவருக்காக மெனக்கெட்டிருந்தார்கள். விருப்பக்குறி அதிகம் வாங்கியிருந்தது தேங்காய் எண்ணெய்.

நான் ராணிப்பேட்டைக்காரன். சிப்காட்டில் தோல் தொழிற்சாலை ஆய்வகத்திலும் பினிஷிங் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்தவன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எனக்குப் பழக்கம். அந்த 19 பதில்களையும் படித்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாரும் பதில் சொல்லியிருந்தார்கள். "எப்படிப்பட்ட வெள்ளை?" என்று ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

தோல் மேல் பூக்கும் வெள்ளையில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது மூன்று வகை. முதலாவது பூசணம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், மூடிய அலமாரிக்குள் அது வேலையைத் தொடங்கிவிடும். கிட்டப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். பழைய துணி மூட்டையைப் பிரித்த வாடை வரும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் இது இன்னும் சுலபமாகப் பிடிக்கும்.

இரண்டாவது உப்பு. மழையில் நனைந்த ஷூ காயும்போது, உள்ளே இருக்கும் உப்பு தண்ணீரோடு சேர்ந்து மேலே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு நிற்பது மாதிரிதான். ஓரங்களில் கோடு கோடாக, தொட்டால் நறநறவென்று இருக்கும். ஈரத்துணி பட்டால் உடனே கரையும்.

மூன்றாவதைத்தான் வெளியில் பலருக்குத் தெரியாது. அது கொழுப்பு. பதனிட்ட தோல் விறைத்துப்போகாமல் வளைந்து கொடுக்க, அதற்கு எண்ணெய் ஏற்றுவோம். விலங்கின் சொந்தக் கொழுப்பும் கொஞ்சம் உள்ளே மிஞ்சியிருக்கும். குளிர் வந்ததும் அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சில, மேற்பரப்புக்கு வந்து உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். மெல்லிய மூடுபனி போலப் படிந்திருக்கும். தலைமுடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்து மிதமான சூடு காட்டினால், கண் முன்னாலேயே மறைந்துவிடும். பூசணமும் உப்பும் அப்படி மறையாது.

இப்போது அந்தத் தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். பூசணத்தின் மேல் தடவினால் வெள்ளை கண்ணுக்கு மறையும், பூசணம் சாகாது. நாலு நாளில் திரும்பி வரும். கொழுப்புப் படிவின் மேல் தடவினால், அடுத்த குளிரில் உறைவதற்கு நாமே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்த மாதிரி. சோப்பின் கதை வேறு. பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உடையது. காரத்தன்மை உள்ள துணி சோப்பு அதன் சாயத்தையும் எண்ணெயையும் பிடுங்கிவிடும். ஈரத் தோலைச் சுள்ளென்ற வெயிலில் போட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஷூ கட்டை போல விறைக்கும். வினிகர் மட்டும் உப்புக் கறைக்கு ஓரளவு உதவும். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் வந்த வெள்ளைக்கு அவரவர் செய்ததைச் சொன்னார்கள்.

கூட்டத்திடம் கேட்டால் சரியான விடை கிடைக்கும் என்பதற்கு அறிவியலில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அதுவும் ஒரு மாட்டைப் பற்றியது. 1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு கொழுத்த மாட்டை நிறுத்தி, அதை வெட்டிச் சுத்தம் செய்தபின் எடை என்ன இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். ஆறு பென்னி கட்டிச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 1907-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். படிக்க முடிந்த சீட்டுகள் 787. அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நின்ற மதிப்பை எடுத்தார்: 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு, அதாவது சுமார் 543 கிலோ. பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவார்கள். நிறையப் பேர் சொன்னார்கள், அதனால் சரியாக வந்தது என்பார்கள். தோல் தொழிலில் இருந்தவன் கண்ணுக்கு வேறு இரண்டு விஷயங்கள் படுகின்றன. சீட்டு எழுதியவர்கள் எல்லாரும் ஒரே மாட்டைப் பார்த்தார்கள். அது அவர்கள் எதிரில்தான் நின்றது. அடுத்தவர் என்ன எழுதினார் என்பதை யாரும் பார்க்கவில்லை. இணையத்தில் ஷூ பற்றிக் கேட்கும்போது இந்த இரண்டும் தலைகீழாகிவிடுகின்றன. மாட்டை யாரும் பார்ப்பதில்லை. சீட்டுகளை எல்லாரும் பார்க்கிறார்கள்.

சீட்டைப் பார்ப்பதால் என்ன கெடுதல் என்பதை லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் சோதித்து, 2013-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒரு செய்தித் தளத்தில் ஐந்து மாதத்தில் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் முதல் விருப்ப வாக்கை இவர்களே போட்டார்கள். கருத்து நல்லதா கெட்டதா என்று பார்க்கவில்லை. அந்த ஒற்றை வாக்கு வாங்கிய கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. முதலில் ஒருவர் "ஆமாம்" என்றதும் பின்னால் வருபவர் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 19 பதில்களில் தேங்காய் எண்ணெய் முன்னால் நின்றது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் விருப்பக்குறியை எண்ணிப் பார்த்து ஷூவில் எண்ணெய் ஊற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பொருளைப் பார்க்காத, முகம் தெரியாத ஒருவரிடம் கேட்கும் இந்தச் சிக்கல் உழவர்களுக்குப் புதிதல்ல. 2004 ஜனவரி 21 அன்று மத்திய அரசு கிசான் கால் சென்டர் சேவையைத் தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் கூப்பிட்டு, தமிழிலேயே கேட்கலாம். அங்கேயும் எடுப்பவர் முன்பின் தெரியாதவர்தான். ஆனால் "இலை மஞ்சளாகுது" என்றதும் மருந்து பேர் சொல்லிவிட அவரால் முடியாது. எந்த ஊர், என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்று தெரிய வேண்டும். அடி இலை மஞ்சளாகிறதா, கொழுந்தா என்று கேட்டாக வேண்டும். தழைச்சத்து செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. பற்றாக்குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும். ஒரே மஞ்சள்தான், எந்த இலை என்பதில் இருக்கிறது விடை.

எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி வரும். "அண்ணா, ராணிப்பேட்டையில குரோமியம் விஷம்னு சொல்றாங்களே, லெதர் பை வாங்கலாமா?" இதற்கு நான் ஒருபோதும் ஒரு வரியில் பதில் எழுதுவதில்லை. குரோமியம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். தோல் பதனிட டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு. அது தோலின் கொலாஜன் இழைகளைப் பாலம் போட்ட மாதிரி இணைத்துக்கொள்ளும். பச்சைத் தோல் 65 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிவிடும், குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். ஆறு இணைதிறன் கொண்டது வேறு. அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். சிப்காட்டில் குரோமேட் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட தொழிற்சாலையின் கழிவு மலைபோல் குவிந்து கிடந்து, சுற்றுப்புற நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்த இரண்டாவது ஆளால்தான். அந்தக் கிணறுகளை வைத்துப் பயிர் செய்தவர்களின் இழப்புக்கு நான் எழுதும் எந்தப் பதிலும் ஈடாகாது. பையைப் பொறுத்தவரை, சரியாகப் பதனிடாத தோலில் முதல் ஆள் சிறிதளவு இரண்டாவது ஆளாக மாறலாம். அதனால்தான் 2015 மே மாதம் முதல், நம் உடம்பில் படும் தோல் பொருள்களில் அந்த இரண்டாவது ஆள் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. செருப்பு வார் படும் இடத்தில் அரிப்பும் தடிப்பும் விடாமல் இருக்கிறது என்று யாராவது எழுதினால், நான் வேதியியல் பேசமாட்டேன். தோல் மருத்துவரிடம் போய் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்பேன்.

அடிக்கடி வரும் இன்னொன்று: "ஆசையா வாங்கின லெதர் பை, பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன், செதில் செதிலா உரியுது." வெட்டு ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பெரும்பாலும் நார் நாராகத் தோல் இழை தெரியாது. துணி நெசவு தெரியும். துணி மேல் பூசிய பாலியூரித்தேன் அது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. பெட்டியிலேயே வைத்த புது ஷூவின் அடிப்பாகம், ஒருநாள் எடுத்துப் போட்டதும் மண்ணாங்கட்டி போல உதிர்வதும் இதனால்தான். எண்ணெய், பாலிஷ், பசை எதுவும் உதவாது. அதை எழுதும்போது மனது கஷ்டப்படும். ஆனாலும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் இன்னும் மூன்று டப்பா பாலிஷ் வாங்குவார்.

கேட்பவர்களில் பாதிப் பேர் "சின்ன விஷயம்தான், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த வரி தேவையே இல்லை. பிராங்க் ஃப்ளின், வெனெசா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களை முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கு எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, சுமார் 20 பேர் என்றார்கள். போய்க் கேட்டுப் பார்த்தால் சுமார் 10 பேரே போதுமாக இருந்தது. கேட்பவர் தனக்கு ஆகும் சங்கடத்தை நினைக்கிறார். "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பதை நினைப்பதில்லை. எங்கள் ஊர் முத்துக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுப் பாருங்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் கை நீட்டுவார்கள்.

செய்யாறுப் பெண்ணுக்கு நான் மருந்து எதுவும் சொல்லவில்லை. மூன்று கேள்வி எழுதினேன். ஈரத்துணியால் துடைத்தால் கரைகிறதா? டிரையர் காட்டினால் மறைகிறதா? மோந்து பார்த்தால் வாடை வருகிறதா? எது செய்தாலும் முதலில் ஷூவின் நாக்குக்கு அடியில், வெளியே தெரியாத மூலையில் செய்து பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. "முன்பக்கம் டிரையர் காட்டினதும் சுத்தமா போயிடுச்சு அண்ணா. ஆனா குதிகால் பக்கம் போகல. அங்க ஒரு மாதிரி வாடை வருது."

ஒரே ஷூவில் இரண்டு வெள்ளை. குதிகால் பக்கத்தைத் தெருப்பக்கம் கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு, ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றாட வைக்கச் சொன்னேன். பிறகு இன்னொன்று கேட்டேன்: ஷூ இருக்கும் அலமாரி சுவரை ஒட்டி இருக்கிறதா?

கொஞ்ச நேரம் கழித்து ஒரு படம் வந்தது. அலமாரியை நகர்த்தியிருந்தார்கள். பின்னால் சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது.