ஆப்பிரிக்காவுக்கென்றே உருவான கைப்பேசிகள்

சீனாவின் ஷென்ஜென் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 2006இல் தொடங்கப்பட்ட டிரான்ஷன் நிறுவனம், போட்டி மிகுந்த உள்நாட்டுச் சந்தையை ஒதுக்கிவிட்டு ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியது. டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் என்னும் அதன் கைப்பேசிகளைச் சீனாவில் காண்பது அரிது என்றாலும், நைஜீரியாவிலும் கென்யாவிலும் அவை இல்லாத கடைத்தெரு இல்லை எனலாம்.

அந்நாடுகளில் வேறொரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசக் கட்டணம் கூடுதலாக இருந்ததாலும், ஓர் ஊரில் கிடைக்கும் சிக்னல் அடுத்த ஊரில் கிடைக்காததாலும், மக்கள் பல சிம் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செருகி வந்தனர். இதைக் கண்டறிந்த டிரான்ஷன், இரண்டு சிம் கொள்ளும் கைப்பேசியையும் பின்னர் நான்கு சிம் கொள்ளும் கைப்பேசியையும் மலிவாக விற்றது. மின்வெட்டைக் கருதிப் பெரிய பேட்டரியும், எத்தியோப்பியருக்காக அம்ஹாரிய எழுத்துகள் கொண்ட விசைப்பலகையும், பழுது நீக்கக் கார்ல்கேர் என்னும் சேவை மையங்களும் அடுத்தடுத்து வந்தன.

இவை அனைத்தையும்விட முக்கியமானது கேமராவில் செய்யப்பட்ட மாற்றமே. கேமரா தன்முன் உள்ள காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இணையாகக் கொண்டு, எவ்வளவு ஒளியைப் பதிவு செய்வது என்பதைக் கணிக்கிறது. ஆகவே பின்னணியில் வெள்ளைச் சுவரோ வெயில் வானமோ இருக்கும்போது அது ஒளியைக் குறைத்துவிட, கறுத்த முகம் அடையாளம் தெரியாதபடி இருண்டுபோகிறது. இக்குறை கைப்பேசிக்கும் முந்தையது. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க ஒளிப்படக் கூடங்களுக்கு அனுப்பிவந்த ஷெர்லி அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைப் பெண் ஒருவரின் முகமே என்பதால், அந்தத் தோல்நிறமே எல்லோருக்கும் அளவுகோலாயிற்று. தன் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒவ்வொருவருக்கும் உரியது; அதைப் பல தலைமுறைகளுக்கு மறுத்தது தொழில்நுட்பத்தின் இயலாமை அன்று, அதை வகுத்தோரின் பாராமுகம். டெக்னோவின் பொறியாளர்களோ ஆப்பிரிக்க முகங்களின் படங்களைத் திரட்டி, முகத்தை முதலில் இனங்கண்டு, அதற்கேற்ப ஒளியளவைக் கூட்டும் வகையில் மென்பொருளைத் திருத்தினர்.

சந்தை உத்தியாகத் தொடங்கிய இத்தகைய திருத்தம் ஆப்பிரிக்காவோடு நிற்கவில்லை: 2021இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில், கறுப்பு, பழுப்புத் தோல்நிறங்களை உள்ளவாறே காட்டும் நோக்குடன் ரியல் டோன் என்னும் வசதியைச் சேர்த்து, அதை அமெரிக்காவிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது.