உங்களுக்குத் தெரியுமா? பைக்குள் அடங்கும் அடுப்பு
காட்டில் தண்ணீர் கொதிக்க வைக்க ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் ஒன்றே போதும். மூடியைக் கழற்றிவிட்டு நேராகத் தணலில் வைக்கலாம். சூடு காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை மட்டும் தீயில் வைக்கவே கூடாது. வெடிக்கும் அபாயம் உண்டு.

சுள்ளி நனைந்திருந்தால் ஹெக்சமின் எரிபொருள் வில்லை கைகொடுக்கும். ஜெர்மனியின் எரிக் ஷூம் 1936இல் கொண்டுவந்த ‘எஸ்பிட்’ இந்த வகைதான். புகை குறைவு, சாம்பலும் மிஞ்சாது. ஆனால் கூடாரத்துக்குள் கொளுத்தாதீர்கள், அதன் வாயு நச்சு.

தண்ணீர் தளதளவெனக் கொதித்தபின் 1 நிமிடம் விட்டால் நோய்க்கிருமிகள் அழியும். 2,000 மீட்டருக்கு மேலான மலைகளில் 3 நிமிடம் வேண்டும். அங்கே நீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பூச்சிமருந்தோ ஆலைக்கழிவோ கலந்த நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் குடிக்காதீர்கள்.