நிலம் வாங்கித் தந்த துன் சம்பந்தன்

துன் வீ.தி. சம்பந்தனை அமைச்சர் என்றும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் என்றும் எல்லாரும் சொல்வார்கள். மலாக்கா நியாலாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக ஓய்வுபெற்ற எனக்கோ அவர் முதலில் எங்கள் ஆட்களுக்கு நிலம் வாங்கித் தந்தவர். ரப்பர் மரத்தில் பால்வெட்டிய என் அப்பா அவரைப் பற்றிப் பேசினால் கட்சிப் பேச்சே வராது. "நம்ம பேருலயும் மண்ணு இருக்குன்னு ஆக்கி வச்ச மனுசன்" என்பார்.

சம்பந்தன் 1919-இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி 1896-இல் தமிழகத்திலிருந்து வந்து, பாடுபட்டு ரப்பர் நிலம் சேர்த்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். 1954-இல் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததில் அவர் பங்கு பெரிது. 1955-இல் ம.இ.கா. தலைவர், தொடர்ந்து தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி, தேசிய ஒற்றுமை என்று அமைச்சுப் பொறுப்புகள். இவையெல்லாம் பாடநூலில் இருப்பவை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, சுதந்திரத்துக்குப் பின் என்ன ஆகுமோ என்று தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய கூட்டத்தார் பலருக்கு ரப்பர் நடத்தும் எண்ணமே இல்லை. பெரிய தோட்டத்தை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கராக வெட்டி விற்றால் கைமேல் லாபம். இதைத்தான் எங்கள் ஆட்கள் துண்டாடல் என்றார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் அரசுக் கணக்கில் தோட்டமே ஆகாது. லயம் என்ற வரிசை வீடுகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகை, மருந்துக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் முழுத் தோட்டத்தை நம்பி நின்றவை. ஐந்து ஏக்கர் வாங்கியவர் அவற்றை ஏன் நடத்தப் போகிறார்? எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் இருந்த பெரியப்பா குடும்பம் இப்படித்தான் வேலையும் வீடும் ஒரே மாதத்தில் இழந்து, சட்டிபானையோடு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது. பேராசிரியர் உங்கு அஜீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பின்னர் அறிக்கை எழுதினார். அதற்கு முன்பே சம்பந்தன் வேலையில் இறங்கிவிட்டார்.

தோட்டம் விற்பனைக்கு வருகிறதா, நாமே வாங்குவோம் என்பது அவர் சொன்ன வழி. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஒரு பங்கு 100 வெள்ளி, தவணையாகக் கட்டலாம். பால்வெட்டுக்காரரின் நாள் கூலி மூன்று வெள்ளியை ஒட்டி இருந்த காலம் அது. அமைச்சராக இருந்துகொண்டே அவர் தோட்டம் தோட்டமாகப் போய், கோயில் திடலிலும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திலும் நின்று ஆள் சேர்த்தார். மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம், ஏறக்குறைய 3,000 ஏக்கர், சங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு மாநிலங்களிலும் வாங்கினார்கள். நிலத்துக்கு விலை பேசுவது, வங்கியில் கடன் கேட்பது, பழைய கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டி மறுநடவு செய்வது எல்லாம் கம்பெனிக்காரர் செய்யும் அதே வேலைகள். முதலாளிகள் மட்டும் தீம்பாரில், அதாவது ரப்பர் காட்டில், வாளி தூக்கியவர்கள்.

குறையும் உண்டு. துண்டாடப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது கொஞ்சம்தான். பங்குதாரர் ஆன பிறகும் தொழிலாளி விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றார். அவருக்கு மேலே மண்டோரும் (மேற்பார்வையாளர்) மேனேஜரும் இருந்தார்கள். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்காகப் பேசியவர்கள் பலர். எங்கள் காசைச் சேர்த்து எங்கள் பெயரிலேயே பத்திரம் எழுத வைத்தவர் இவர்தான்.

1973-இல் ம.இ.கா. தலைமை மாணிக்கவாசகத்திடம் போனது. சம்பந்தன் சங்கத்தை விடவில்லை. 1979 மே 18-இல் இறக்கும் வரை அதிலேயே உழைத்தார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் கட்டடத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர். பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கும் அவர் பெயரே.

ஜாசின், அசகான், நியாலாஸ் வட்டாரத்தில் பால்வெட்டிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. கித்தா நின்ற இடமெல்லாம் செம்பனை. பிள்ளைகள் மலாக்கா டவுனிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சங்கத்தின் பங்குப் புத்தகமோ சான்றிதழோ இருந்தால் பழைய காகிதம் என்று தூக்கிப் போடாதீர்கள். இறந்தவரின் மரணப் பத்திரத்தோடு சங்கத்துக்குப் போய் வாரிசு விவரம் கேளுங்கள். உங்களுக்கும் உறுப்பினராக வழி இருந்தால் சேருங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்கு கேளுங்கள்.