ஐந்து பாடப்புத்தகங்கள் கேட்ட மலைமக்கள்

சுவிட்சர்லாந்தின் பிராங்க் நோட்டில் தேசிய வங்கியின் பெயர் நான்கு மொழிகளில் அச்சாகியிருக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவது, ரொமான்ஷ். ஏறத்தாழ 90 லட்சம் பேர் வாழும் நாட்டில் அதைப் பேசுவோர் சுமார் 60,000 பேர்தான். கிழக்கே, கிராவ்புண்டன் மாநிலத்தின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் அதன் தாய்மண்.

'ரொமான்ஷ் தனி மொழியே அல்ல, இத்தாலியனின் கிளை' என்று முசோலினி கால இத்தாலியில் சிலர் உரிமை கொண்டாடியபோது, 1938-ல் சுவிஸ் மக்கள் வாக்குச்சாவடியில் பதில் சொன்னார்கள். அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் உட்பட, வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்து அதைத் தேசிய மொழியாக்கினார்கள். 1996-ல் இன்னொரு வாக்கெடுப்பு. ரொமான்ஷ் பேசுவோர் மத்திய அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதிப் பதில் பெறும் உரிமை வந்தது. சிறுபான்மையை இவ்வளவு மதித்த பெரும்பான்மை உலகில் அபூர்வம்.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ரொமான்ஷுக்கு ஐந்து எழுத்து வடிவங்கள். மலைத்தொடர்கள் பிரித்துவைத்ததால் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக வளர்ந்தவை. 1982-ல் சூரிச் மொழியியலாளர் ஹைன்ரிஹ் ஷ்மித், முக்கியமான மூன்று வடிவங்களை ஒப்பிட்டு ஒரு பொது வடிவம் வகுத்துக் கொடுத்தார். சட்டம், படிவம், அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அது வசதிதான். ஆனால், பாடப்புத்தகங்களையும் இனி அந்த ஒரே வடிவில்தான் அச்சிடுவோம் என்று 2003-ல் மாநிலம் முடிவெடுத்தபோது ஊர்கள் கொதித்தன. பாட்டி கதை சொல்வதும் கோயிலில் பாடுவதும் ஒரு வடிவம், புத்தகத்தில் இருப்பது வேறொன்று என்றால் முதல் வகுப்புப் பிள்ளை எதை நம்பும்? 2011-ல் பெற்றோரும் ஆசிரியர்களும் இயக்கமாகத் திரண்டார்கள். மாநிலம் இறங்கிவந்தது, பழைய வடிவங்களில் மீண்டும் புத்தகங்கள் வந்தன. பொது வடிவுக்கு மாறிய ஊர்கள் பலவும் திரும்பிவிட்டன.

சில நூறு பிள்ளைகளுக்காகத் தனித்தனிப் புத்தகமா என்று கணக்குப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. ரொமான்ஷ் பேசும் பெரியவர்கள் ஏறக்குறைய அனைவருக்கும் ஜெர்மன் தெரியும். வேலையும் கல்லூரியும் பெரும்பாலும் ஜெர்மன் பேசும் நகரங்களில்தான் இருக்கின்றன. வீட்டையும் பள்ளியையும் விட்டால் இந்த மொழிக்கு வேறு ஒதுங்குமிடம் ஏது? அலுவலகத்துக்குப் பொது வடிவம் இருக்கட்டும். வகுப்பறையில் அந்தந்தப் பள்ளத்தாக்கின் மொழியே இருக்க வேண்டும். எவ்வளவு செலவானாலும் அரசு அதை ஏற்கத்தான் வேண்டும்.