யப்பானிற் கந்தன்

கடுகண்ணாவைக்கு அணித்தேயுள்ள எம்பக்கைத் தேவாலயம், கம்பளையிலிருந்து அரசாண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் (1357–1374) காலத்தது என்பர். அதன் மரத்தூண்களிற் செதுக்கப்பெற்ற இருதலைப் புள்ளையும் மற்போர் வீரரையும் காணச் செல்வோர் பலர்; உள்ளே உறைபவன் நம் கந்தன் என நினைப்போர் சிலரே. சிங்களர் அவனைக் கதிர்காமத் தெய்யோ என்பர். பௌத்தத்தின் காவலனாக வழிபடுவர்.

அயலிலுள்ள இந்துக்களோடு பழகியதனால் மட்டுமே பௌத்தர் அவனை ஏற்றனர் என்பார் யப்பானையும் நோக்குதல் வேண்டும். கந்தன் என்னும் வடமொழிப் பெயர் சீனத்திற் சிதைந்து 'வெய்துவோ' ஆகி, யப்பானில் 'இடாதென்' ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. ஆங்கு வேலுமில்லை, மயிலுமில்லை. கவசம் பூண்டு, கூப்பிய கைகளின்மேல் வாளைக் கிடத்தி நிற்கும் இளவீரனாக அவனைச் சமைப்பர். சென் மடங்களில் அவனுக்குரிய இடம் மடைப்பள்ளி. துறவியர்க்கு உணவு குறையாமற் காப்பது அவன் கடன். (பழனியாண்டிக்கு இஃது ஏற்ற பணியே!) புத்தர் மறைந்தபொழுது அவருடைய பல்லைத் திருடி ஓடிய அரக்கனைத் துரத்திப் பிடித்து மீட்டவன் அவனே என்பது அந்நாட்டார் கதை. ஆதலின், விரைந்தோடுவோனை 'இடாதென்' என்றல் அங்கு இன்றும் வழக்கு.

கண்டிப் பெரஹராவிலோ, தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்ல, அடுத்து வருவது கதிர்காமத் தேவாலயத்தின் ஊர்வலம்.